மாமரத்தடிக் கல்பாத்தியில் எது பிழைக்கும்?

கேள்வி: மாமரத்தடியில் மணற்கல் அடுக்கிப் பாத்தி போட்டிருக்கிறோம். எச்செவேரியா என்ற சதைப்பற்றுச் செடியை வைத்தால் வெளிறி நீண்டு அழுகிவிடுகிறது. ஸீடம் டெர்னேட்டம் என்ற இன்னொரு சதைப்பற்றுச் செடி நிழலில் வளருமாம். இங்கே வருமா?
– வாசகி, சாட்ஸ்வர்த்

பதில்: அது வட அமெரிக்காவின் கிழக்குக் காடுகளில், பனி விழும் ஊர்களில் வளரும் செடி. டர்பன் புழுக்கத்தில் அதற்குக் காசைக் கொட்டாதீர்கள். அதே குடும்பத்துச் செடி நம் குவாசுலு-நட்டால் மாகாணக் காட்டோரங்களிலேயே இருக்கிறது: கிராசுலா மல்டிகாவா. நர்சரியில் ‘ஃபேரி கிராசுலா’ என்று கேளுங்கள். குளிர்காலத்தில் வெள்ளையும் இளஞ்சிவப்புமாக, நாலு இதழ்ப் பூக்கள் கொத்தாக வரும்.

மா வேரை வெட்டிக் குழி தோண்ட வேண்டாம். அடிமரத்தை மண் மூடாதபடி தள்ளி, கற்களுக்கு இடையே 10 முதல் 15 செ.மீ. மட்டும் நிரப்புங்கள்: மக்கிய இலை இரண்டு பங்கு, ஆற்று மணல் ஒரு பங்கு, பொடிக்கல் ஒரு பங்கு. கடற்கரை மணலில் உப்பு இருக்கும், அது ஆகாது. ஒவ்வொரு கல்லும் மூன்றில் ஒரு பங்காவது புதைந்திருக்கட்டும். இல்லாவிட்டால் ஒரு பெருமழைக்கே மண் கரைந்து, கல் ஆடும்.

செப்டம்பரில், கிராசுலாவை 8 செ.மீ. தண்டாக நறுக்கி, அடியிலைகளைக் கிள்ளி, ஒரு நாள் நிழலில் வெட்டுவாயை உலரவிடுங்கள். இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி, 15 செ.மீ. இடைவெளியில் ஊன்றுங்கள். இரண்டு மூன்று நாள் கழித்துத் தண்ணீர் தெளித்தால் போதும். இரண்டு மூன்று வாரத்தில் மெல்ல இழுத்துப் பாருங்கள். பிடிமானம் தெரிந்தால் வேர் விட்டாயிற்று.

தண்டின் அடி கறுத்துக் கொழகொழத்தால் நீர் தேங்குகிறது. மேல்நுனியை வெட்டி வேறு இடத்தில் ஊன்றுங்கள். இலை சிவந்து கருகினால் பிற்பகல் வெயில் அதிகம். விழும் மாவிலைகளைப் பெருக்கிவிடுங்கள், செடி மூச்சுத் திணறும். இலைக்கக்கத்தில் வெள்ளைப் பஞ்சுபோல மாவுப்பூச்சி தெரிந்தால் மெத்திலேட்டட் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைக்கலாம்.

கேள்வி: இதே செடி என்னிடம் இருக்கிறது. இலை முழுக்கப் பொடிப் புள்ளிகள். மருந்து அடிக்கலாமா?
– வாசகர், டோங்காட்

பதில்: வேண்டவே வேண்டாம். அவை செடி மிகைநீரை வெளியேற்றும் நுண்துளைகள். விடியலில் பார்த்தால் அங்கே நீர்முத்து நிற்கும். புள்ளி பழுத்துப் பரவினால்தான் நோய் என்று சந்தேகப்பட வேண்டும்.

கேள்வி: பூ முடிந்த காம்பில் குட்டிச் செடி முளைக்கிறதே, பிடுங்கி நடலாமா?
– வாசகி, ஃபீனிக்ஸ்

பதில்: தாராளமாக. விட்டாலும் தானே விழுந்து வேர்பிடிக்கும். பாத்தியை விட்டுப் பாதைக்கு வருவது பிடிக்காவிட்டால், குட்டிகள் பெருகும் முன்பே காம்புகளை நறுக்கிவிடுங்கள்.