பெயர் தெரிந்தால்தான் கேட்பீர்களா?

கேள்வி: மொசார்ட், ஹைடன் சிம்பொனிகளையே நான் இன்னும் முழுதாகக் கேட்டு முடிக்கவில்லை. சென்ற இதழில் யோசஃப் மார்ட்டின் க்ராவுஸ் என்று யாரையோ புகழ்ந்து தள்ளியிருந்தீர்கள். உண்மையிலேயே சரக்கு இருந்தால் இருநூறு வருடத்தில் பெயர் வெளியே வந்திருக்காதா?

பதில்: பெயர் வந்த பிறகுதான் காதைத் திறப்பேன் என்கிறீர்கள். சரி, உங்கள் கணக்குப்படியே பார்ப்போம். மொசார்ட் பிறந்த அதே 1756இல் ஜெர்மனியில் பிறந்த இசையமைப்பாளர் க்ராவுஸ். வேலை கிடைத்ததோ ஸ்டாக்ஹோமில், ஸ்வீடன் மன்னர் மூன்றாம் குஸ்தாவிடம். பெயர் வாங்கித் தரும் பதிப்பாளர்களும் கச்சேரிக் கூட்டமும் வியன்னா, பாரிஸ், லண்டன் பக்கம் இருந்தார்கள். இவர் வடகோடியில் இருந்தார். இதில் சரக்கு எங்கே குறைந்தது?

நான் எழுதியது அவருடைய சி மைனர் சிம்பொனி பற்றி; அதாவது, சி மைனர் என்ற ஸ்கேலில், வாத்தியக் குழுவுக்காக அமைந்த பல பகுதி இசை. மன்னர் செலவில் ஐரோப்பாவைச் சுற்றிவந்த காலத்தில், 1783இல் எழுதியது. முழுக்கப் புதிதும் அல்ல. முன்பே எழுதியிருந்த சி ஷார்ப் மைனர் சிம்பொனியை எடுத்து, அதிலிருந்த மினுவே நடனப் பகுதியை உருவிப் போட்டுவிட்டு மறுபடி செதுக்கினார். மினுவே என்பது அந்தக் காலத்துச் சிம்பொனியில் ரசிகர் சற்றுக் காலாட்டி இளைப்பாறும் இடம். அதுவும் போனது. மிச்சம் மூன்றே பகுதிகள்.

தொடக்கத்தைக் கவனியுங்கள். ஒரு சுரம் பிடிவாதமாக நின்றுகொண்டிருக்கும். பக்கத்துச் சுரம் வந்து அதை உரசும். அது விலகி வழிவிட்டதும் அடுத்த உரசல். மெதுவாக, அவசரமே இல்லாமல். பல்லைக் கடித்துக்கொண்டு கேட்க வேண்டிய அழகு. அப்புறம் வேகப் பகுதி பிய்த்துக்கொண்டு கிளம்பும். ஹார்ன் என்ற பித்தளை ஊதுகருவிகளின் கனம் அப்போது புரியும். மொத்தமே இருபது நிமிடத்துக்குச் சற்று மேல்.

இவரை 'ஸ்வீடன் மொசார்ட்' என்று சொல்லி விற்கிறார்கள். எனக்கு அது பிடிக்காது. அடுத்தவர் சட்டையை மாட்டிவிட்டு அளவு சரியில்லை என்பது என்ன நியாயம்?

1792 மார்ச்சில், முகமூடி நடன விருந்தில் மன்னரைச் சுட்டார்கள். அந்த மாதமே இறந்தார். அவருக்கான இரங்கல் சிம்பொனியை எழுதியவரும் க்ராவுஸ்தான். மெல்லிய முரசுத் தட்டலில் தொடங்கும். அதே வருட டிசம்பரில் க்ராவுஸும் போய்விட்டார். வயது 36. பெயர் பரப்ப இருவருமே மிஞ்சவில்லை.

மொசார்ட்டை முடித்துவிட்டுத்தான் வருவேன் என்றால், தாராளமாக. ஆனால் ஹைடனை முடித்துவிட்டு என்று மட்டும் சொல்லாதீர்கள். அவர் நூற்றுக்கு மேல் எழுதி வைத்திருக்கிறார்.