மழைத்தண்ணி சாம்பிள் எடுக்கறது எப்படி: கேட்டதும் சொன்னதும்

அக்கா, அமில மழை ப்ராஜெக்டுக்கு மாடில ஒரு பக்கெட் வெச்சா போதாதா?

போதாதுப்பா. மழை பெய்யாத நேரத்துல விழற தூசியும் அதுலதான் சேரும், தூசில கால்சியம் கார்பனேட் இருந்தா அது அமிலத்தையே தின்னுடும், உனக்கு பிஎச் (அமிலத்தன்மையோட அளவு, நம்பர் குறைஞ்சா அமிலம் ஜாஸ்தி) 6.5னு காட்டும், நீயும் இங்க மழை நல்ல மழைன்னு எழுதிடுவ. மழை ஆரம்பிச்சதும் திறக்கணும், நின்னதும் மூடணும். இதுக்குன்னே சென்சார் வெச்ச கருவி இருக்கு, சொட்டு பட்டதும் மூடி தானா நகந்துடும். இல்லேன்னா கையாலயே பண்ணலாம், ராத்திரி மழைக்கும் எழுந்திரிக்கணும், நான் ரெண்டு சீசன் அப்படி எழுந்திருக்கேன். 20 செமீ அகலப் புனல்னா 10 மிமீ மழைக்கு 314 மில்லி கிடைக்கும், தாராளம். மரத்தடில மட்டும் வெக்காத, இலை வழியா சொட்டற தண்ணில பொட்டாசியம் ஏறிடும்.

கண்ணாடி பாட்டிலா பிளாஸ்டிக்கா? சோப்பு போட்டு கழுவலாமா மேடம்?

பாலிஎத்திலீன் பாட்டில். கண்ணாடிலேர்ந்து சோடியம் கசியும். சோப்பு வேண்டவே வேண்டாம்ங்க, டீஅயனைஸ்டு வாட்டர்ல (கரைஞ்ச உப்பெல்லாம் நீக்கின தண்ணி) அலசிக்கிட்டே இருங்க, கடைசியா அலசின தண்ணியோட கண்டக்டிவிட்டி (மின்சாரம் கடத்தற அளவு) புது தண்ணியோடதுக்கு சமமா வந்தா சுத்தம்னு அர்த்தம். மழை இல்லாத நாள்ல அதே தண்ணிய புனல் வழியா ஊத்தி, அதையும் ஒரு சாம்பிளா லேபுக்கு குடுங்க. அதுல சோடியமும் குளோரைடும் வந்தா பெரும்பாலும் உங்க விரல் வேர்வைதான், கிளவுஸ் போடுங்க.

பிஎச் மீட்டர்ல நம்பர் நிக்கவே மாட்டேங்குது, மீட்டர் போச்சா?

மீட்டர் மேல சந்தேகப்படறதுக்கு முன்னாடி தண்ணிய நினைச்சு பாரு, மழைத்தண்ணில அயனி ரொம்ப கம்மி, எலக்ட்ரோடு (மீட்டர்ல தண்ணிக்குள்ள முக்கற குச்சி) நிதானமாதான் செட்டில் ஆகும். பஃபர்ல (பிஎச் முன்னாடியே தெரிஞ்ச கரைசல்) காலிபரேட் பண்ணிட்டு நல்லா அலசு, ஒரு சொட்டு பஃபர் ஒட்டியிருந்தாலும் அந்த ரீடிங் பஃபரோடது, மழையோடது இல்ல. லேசா கலக்கிட்டு, கலக்கறத நிறுத்தினப்புறம் படி. முக்கியமா, பிஎச்சுக்கு தனியா கொஞ்சம் ஊத்திக்கோ, எலக்ட்ரோடுலேர்ந்து பொட்டாசியம் குளோரைடு கசியும், அந்த தண்ணிய அயனி டெஸ்டுக்கு அனுப்பக்கூடாது.

பிஎச் 5.6க்கு கீழ வந்தாலே அமில மழைதானே?

அவசரப்படாதீங்க. காத்துல இருக்கற கார்பன் டை ஆக்சைடு கரைஞ்சாலே சுத்தமான தண்ணி 5.6க்கு வந்துடும், செடிகொடிலேர்ந்து வர்ற ஃபார்மிக் அமிலம் மாதிரி சமாச்சாரம் இன்னும் கீழ இறக்கும். மாசுப் புகையால சேர்ற சல்பேட், நைட்ரேட் எவ்வளவுன்னு பாத்துட்டு பேசுங்க.

ரெண்டு மழை, ஒண்ணு பிஎச் 4, ஒண்ணு 6. சராசரி 5 தானே?

இல்லம்மா! பிஎச் லாக் கணக்கு, ஒரு நம்பர் குறைஞ்சா ஹைட்ரஜன் அயனி பத்து மடங்கு. ஹைட்ரஜன் அயனி அளவா மாத்தி சராசரி எடுத்துட்டு திருப்பி பிஎச் ஆக்கணும், ரெண்டு மழையும் ஒரே அளவுன்னா 4.3 வரும். அளவு வேறன்னா மிமீய வெச்சு வெயிட் போடு. எத்தனையோ ரிப்போர்ட்ல இத தப்பா பாத்திருக்கேன், வயிறு எரியும்.

லேபுக்கு போக ஒரு வாரம் ஆகும், பரவால்லயா?

பிஎச்ச அன்னிக்கே எடுத்துடுங்க. மீதிய 0.45 மைக்ரான் ஃபில்டர்ல வடிகட்டி ஃப்ரிட்ஜ்ல 4 டிகிரில வைங்க, வெளிய விட்டா பாக்டீரியா அம்மோனியத்த காலி பண்ணிடும்.

ஒரே ஒரு சாம்பிள்ல மட்டும் பாஸ்பேட் எக்கச்சக்கமா இருக்கு. ஏன்க்கா?

பறவை எச்சம். புனல் விளிம்ப பாரு, வெள்ளையா கறை இருக்கும். கஷ்டப்பட்டு பிடிச்ச மழைன்னு மனசு கேக்காது, ஆனாலும் கணக்குல சேக்காத, காரணத்த நோட்ல எழுதிட்டு கொட்டிடு.