வாசகர் கேள்வி: தலைவர் சைக்கிள் ஓட்டினால் ரோடு மாறுமா?

கேள்வி: எங்கள் நகர்மன்றத் தலைவருக்குச் சைக்கிள் என்றால் உயிர். ஞாயிறு தவறாமல் பத்துப் பேரைச் சேர்த்துக்கொண்டு ஒரு சுற்றுப் போய்வருகிறார்; வாட்ஸ்அப்பில் படமும் வருகிறது. சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிற எங்கள் பிள்ளைகளுக்கு இதனால் ஏதாவது பலன் உண்டா?
– வாசகி, கம்பம் பள்ளத்தாக்கு

பதில்: உண்டு. ஆனால் ஞாயிறு விடியலில் ஓட்டுகிற வரைக்கும் கிடைக்காது. அந்த நேரத்து ரோடு வேறு, பள்ளி விடுகிற நேரத்து ரோடு வேறு. ஏலத்தோட்டத்திலிருந்து ஆள் ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் மலையிறங்கி வருகிற சாயங்கால வேளையில், கியர் சைக்கிளை விட்டுவிட்டு அரசு கொடுத்த விலையில்லா சைக்கிளில், முதுகில் பையோடு பள்ளி வாசலிலிருந்து ஊருக்குள் ஒருமுறை வரச் சொல்லுங்கள். நகராட்சிப் பொறியாளரும் கூட வரட்டும். எங்கே காலை ஊன்ற வேண்டியிருந்தது, எங்கே இறங்கித் தள்ள நேர்ந்தது, எங்கே பஸ் ஓரங்கட்டியது என்று இடத்தோடு குறித்துக்கொண்டால் வேலைப் பட்டியல் தயார்.

அதில் பாதி நகராட்சி நிதியிலேயே முடிகிற வேலையாக இருக்கும். சாக்கடை மேல் போட்ட இரும்புக் கிராதியைக் கவனியுங்கள். கம்பிகள் ரோடு போகிற திசையிலேயே நீளவாக்கில் இருந்தால் முன்சக்கரம் இடுக்கில் இறங்கி, ஓட்டுகிறவர் ஹேண்டில்பாரைத் தாண்டித் தலைகுப்புற விழுவார். சாதாரண சைக்கிள் டயரின் அகலம் 4 செ.மீ. சுமார்தான். கம்பிகள் ரோட்டுக்குக் குறுக்காக வர வேண்டும். சதுரக் கிராதி என்றால் புதிது வாங்கவே வேண்டாம், கழற்றித் திருப்பி வைத்தால் போதும்.

அடுத்தது தார் விளிம்பு. தாருக்கு மேல் தாராகப் போட்டு, ஓரத்து மண் அரை அடி கீழே கிடக்கும். பின்னால் ஹாரன் கேட்டதும் பிள்ளை ஓரம் ஒதுங்கும், சக்கரம் மண்ணில் இறங்கும். மறுபடி ஏறப் பார்க்கும்போது டயர் அந்த விளிம்பில் உரசிச் சறுக்கி, ஆள் விழுவது வண்டிகள் வருகிற பக்கமாக. கிராவல் கொட்டி, தண்ணீர் விட்டு, ரோலர் ஓட்டித் தாரோடு மட்டமாக்க வேண்டும். மழை முடிந்ததும் அரித்த இடத்தில் திரும்பவும் கொட்ட வேண்டும். இந்த இரண்டாவது தடவையைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

வேகத்தடைக்கு, ரோடு போடும் விதிகளை வகுக்கிற அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸ் சொல்கிற அளவு 3.7 மீட்டர் நீளம், 10 செ.மீ. உயரம். அப்படிக் கட்டினால் சைக்கிள் மெல்ல ஏறி மெல்ல இறங்கும். நம் தெருக்களில் ஒரு முழ அகலத்தில் எழுப்புகிற மேடு ஜீப்காரரை ஒன்றும் செய்யாது. கேரியரில் உட்கார்ந்திருக்கிற தங்கச்சியைத்தான் தூக்கிப் போடும்.

மெயின் ரோடு கதை வேறு. கம்பம், கூடலூர் வழியாகக் குமுளி ஏறுவது தேசிய நெடுஞ்சாலை 183. அதில் தலைவர் தன் இஷ்டத்துக்கு ஒரு கல்கூட நட முடியாது. மன்றத்தில் தீர்மானம் போட்டு, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான சாலைப் பாதுகாப்புக் குழுவுக்கு அனுப்ப வேண்டும். சுமார் 500 மீட்டருக்குள் மூன்று ஆண்டுகளில் உயிரிழப்போ பலத்த காயமோ ஏற்பட்ட 5 விபத்துகள், அல்லது 10 உயிரிழப்புகள் இருந்தால்தான் நெடுஞ்சாலைத் துறை அதை விபத்துக் கரும்புள்ளியாக எடுத்துக்கொள்ளும். ஆகவே தீர்மானத்தோடு போலீஸ் வழக்கு எண்களையும் இணையுங்கள். ‘சின்ன அடிதானே’ என்று சமாதானமாகப் போன விபத்து எந்தக் கணக்கிலும் வராது.

இந்த அதிகாரச் சிக்கல் நமக்கு மட்டுமில்லை. லாஸ் ஏஞ்சல்ஸ் மேயராக இருந்த அன்டோனியோ வில்லரைகோசா, 2010 ஜூலையில் டாக்சி குறுக்கிட்டதால் சைக்கிளிலிருந்து விழுந்து முழங்கையை உடைத்துக்கொண்டார். அதன் பிறகுதான் சைக்கிள் பாதுகாப்பைத் தீவிரமாகப் பேசினார். நகரத்தின் சைக்கிள் திட்டத்துக்கு மறு ஆண்டே நகர்மன்றத்தின் ஒப்புதல் கிடைத்தது. சைக்கிளை முந்துகிற வண்டி 3 அடி தள்ளிப் போக வேண்டும் என்ற சட்டம் மட்டும் மாநிலத்தின் கையில் இருந்ததால், 2014 செப்டம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது.

கேள்வி: ரோட்டோரம் கோடு போட்டுச் சைக்கிளுக்கு ஒதுக்கினால் போதாதா? எங்கள் பக்கம் புளியரை வழியாகக் கேரளா போகிற ஜல்லி, எம்-சாண்ட் லாரிகள் அதிகம்.
– வாசகர், செங்கோட்டை

பதில்: போதாது. லண்டன் மேயராக இருந்த போரிஸ் ஜான்சன் சைக்கிளிலேயே அலுவலகம் போனவர். 2010 முதல் அவர் திறந்த ‘சூப்பர்ஹைவே’ சைக்கிள் பாதைகள் பல இடங்களில் வெறும் நீலப் பெயின்ட்தான். 2011-ல் அங்கே ‘போ’ (Bow) என்ற ரவுண்டானாவில் சில வாரங்களுக்குள் சைக்கிளில் போன இரண்டு பேர் லாரி மோதி இறந்தார்கள். அதன் பிறகே கல் வைத்துப் பிரித்த பாதைகள் வந்தன.

கோட்டின் மேல் மறுநாளே தள்ளுவண்டியும் ஆட்டோவும் நிற்கும். பிரிக்கிற கல்லும், இரண்டு சைக்கிள் ஒன்றையொன்று கடக்க 2 மீட்டர் அகலமும், மழைத்தண்ணீர் வடியக் கல்லுக்கு இடையே வழியும் வேண்டும். அதுவரை பிள்ளைகளுக்கு ஒன்றைச் சொல்லிக்கொடுங்கள்: நிற்கிற லாரியின் இடப்பக்கம் நுழையவே கூடாது. டிரைவர் உயரத்தில் உட்கார்ந்திருப்பார், கிளீனர் பக்கக் கதவுக்குக் கீழே இருப்பது அவருக்குத் தெரியாது. இடப்பக்கம் திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தில் வராமல் ஓரத்தை வெட்டிக்கொண்டு வரும். லாரிக்குப் பின்னால் நிற்பதே வழி. கண்ணாடியில் டிரைவர் முகம் தெரியவில்லையா, அவருக்கும் நம்மைத் தெரியாது.

கேள்வி: சாரல் காலத்தில் மகளின் சைக்கிள் பிரேக் பிடிக்கவே மாட்டேன் என்கிறது. கட்டை புதிதுதான்.
– வாசகி, பண்பொழி

பதில்: இரும்பு ரிம் நனைந்தால் அப்படித்தான். முதல் சில சுற்றில் கட்டை தண்ணீரைத்தான் துடைக்கும், அதற்கப்புறமே பிடிக்கும். நிற்க வேண்டிய இடத்துக்கு வெகு முன்னாலேயே இரண்டு பிரேக்கையும் லேசாக அழுத்தத் தொடங்கச் சொல்லுங்கள். கட்டைக்கும் ரிம்முக்கும் இடைவெளி 2, 3 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம். செயினுக்கு விடுகிற எண்ணெய் ரிம்மில் பட்டிருந்தால் சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். டைனமோ விளக்கு வண்டி நின்றதும் அணைந்துவிடும் என்பதால் பேட்டரியில் எரிகிற சிவப்பு விளக்கு ஒன்றைப் பின்னால் மாட்டுங்கள். புத்தகப் பை அதை மறைக்காத உயரத்தில்.