ஆர்டர் குடுத்து தைச்ச சட்டைன்னா ரிட்டர்னே கிடையாதா?

கேள்வி: சார், ஆபீஸ் போறதுக்கு ஆன்லைன்ல அளவு குடுத்து 6 ஃபார்மல் சட்டை தைக்க ஆர்டர் பண்ணேன். எல்லாம் 100% காட்டன். 4 சட்டையை ஒரே ஒரு தடவை தோச்சதுக்கே காலர் பட்டன் போட முடியல, அதுலயே 2 சட்டையில காலர் மேல குமிழ் குமிழா உப்பிக்கிட்டு நிக்குது. மெஷின்ல தோச்சு டிரையர்ல காய வெச்சேன். கம்பெனில கேட்டா "கஸ்டம் ஆர்டர், நோ ரிட்டர்ன், நீங்க தோச்சது தப்பு"ன்னு சொல்றாங்க. ரொம்ப பேசினதும் அடுத்த ஆர்டருக்கு பாதி விலை கூப்பன் தரோம்னாங்க. கேஸ் போடலாமா? கூப்பனை வாங்கிக்கலாமா?

பதில்: தம்பி, முதல்ல ஒண்ணு, மீதி 2 சட்டை இன்னும் தோய்க்கலதானே? அதை இப்போதைக்கு தொடாதீங்க, கவரோட அப்படியே வைங்க, உங்க கேஸோட உயிரே அந்த ரெண்டுலதான் இருக்கு.

"கஸ்டம் ஆர்டர், நோ ரிட்டர்ன்"னு அவங்க சொல்றது பாதி உண்மை. ஐரோப்பாவுல ஆன்லைன்ல வாங்கினா 14 நாளுக்குள்ள காரணமே சொல்லாம திருப்பி அனுப்பலாம்னு 2011 டைரக்டிவ்ல (ஐரோப்பிய ஒன்றியத்தோட சட்ட உத்தரவு) இருக்கு, ஆனா வாங்குறவர் சொன்ன அளவுக்கு செஞ்ச பொருளுக்கு அந்த உரிமை கிடையாதுன்னும் அதுலயே எழுதியிருக்கு, இங்கிலாந்துலயும் அதே கதைதான். அதாவது கலர் பிடிக்கல, மனசு மாறிடுச்சுன்னு திருப்பி குடுக்க முடியாது, அவ்வளவுதான். சொன்ன அளவுல தைக்கல, தச்சது ஒரு வாஷ்ல பல்லிளிச்சிடுச்சுன்னா அது வேற கணக்கு, அந்த பொறுப்பை பில்லுல ஒரு வரி அடிச்சு தட்டிக்கழிக்க முடியாது. ரெண்டையும் குழப்பி விடுறது கடைக்காரங்களுக்கு வசதி, நம்மாளுங்களும் சரி போகட்டும்னு விட்டுடுறாங்க.

அப்போ கேள்வி ஒண்ணுதான், தப்பு யார் பக்கம்? இதுக்கு சட்ட புக்கை விட இன்ச் டேப்தான் முக்கியம். ஆர்டர் பண்ணப்ப நீங்க நிரப்பின ஃபார்மை எடுங்க, அதுல கேட்டது உடம்பு அளவா, இல்ல தச்சு முடிச்ச சட்டையோட அளவான்னு பாருங்க, இதுலதான் பாதி கேஸ் கவுருது. கழுத்துச் சுத்தளவுன்னு கேட்டு நீங்க உடம்பு அளவை போட்டிருந்தா லூஸ் விட்டு தைக்க வேண்டியது அவங்க வேலை, சட்டை அளவுன்னு தெளிவா கேட்டும் நீங்க உடம்பு அளவை போட்டிருந்தா அது உங்க தலையில. அப்புறம் தோய்க்காத சட்டையை மேஜையில விரிச்சு காலரை நீட்டி பட்டன் நடுவுல இருந்து காஜாவுல பட்டன் வந்து நிக்கிற இடம் வரைக்கும் அளங்க, கை நீளம் எப்படி அளக்கணும்னு அவங்க சைட்ல என்ன சொல்லியிருக்கோ அதே மாதிரி அளங்க, டேப்போட நம்பர் தெரியுற மாதிரி போட்டோ எடுங்க. தோச்ச சட்டையையும் இதே மாதிரி அளங்க. "அரை இன்ச் முன்னப்பின்ன இருக்கலாம்"னு கண்டிஷன்ல எங்கயாவது இருக்கான்னும் தேடுங்க, பல கம்பெனி போட்டு வெச்சிருக்கும்.

சுருக்கம் விஷயம் இப்படி. காட்டன் முதல் வாஷ்ல கொஞ்சம் சுருங்கும், விவரம் தெரிஞ்ச டைலர் துணியை முன்னாடியே நனைச்சு எடுப்பார், இல்ல அந்த அளவை சேத்து விட்டு வெட்டுவார். 15.5 இன்ச் காலர் 3% சுருங்கினாலே கிட்டத்தட்ட அரை இன்ச் போயிடும், 34 இன்ச் கைன்னா ஒரு இன்ச். நீங்க கேட்டது 15.5ன்னு வெச்சுக்குங்க, தோய்க்காத சட்டை கரெக்ட்டா 15.5 இருந்து தோச்சது 15 ஆயிருந்தா, சுருக்கத்துக்கு அவங்க எதுவும் விடலன்னு ஆகுது. தோய்க்காததே 15தான்னா இன்னும் நல்லது, வாஷிங் பேச்சே வராது.

உங்க பக்கம் இருக்கிற ஓட்டை டிரையர். லேபிளை பாருங்க, சதுரத்துக்குள்ள வட்டம் போட்டு அது மேல பெருக்கல் குறி இருந்தா டிரையர்ல போடக்கூடாதுன்னு அர்த்தம், தண்ணி தொட்டி படத்துக்குள்ள 40ன்னு இருந்தா 40 டிகிரிக்கு மேல சூடு ஆகாது. டிரையர் கூடாதுன்னு இருந்தும் போட்டிருந்தீங்கன்னா அந்த 4 சட்டையில சுருக்கத்துக்கு பெருசா எதிர்பார்க்காதீங்க, எந்த வக்கீலும் அதை காப்பாத்த முடியாது. லேபிளே இல்ல, கூட ஒரு சீட்டும் வரல, சைட்லயும் ஒண்ணும் போடலன்னா "தப்பா தோச்சீங்க"ன்னு சொல்றவங்கதான் எது சரின்னு எப்ப சொன்னாங்கன்னு காட்டணும். காலர் குமிழ் தனி, காலர் விறைப்பா நிக்க உள்ள வெச்ச கேன்வாஸ் மேல் துணியில சரியா ஒட்டாம பிரிஞ்சா வர்றது அது, ஓவர் சூட்டுலயும் வரலாம்தான், ஆனா ஒரே வாஷ்ல பிரியுதுன்னா எனக்கு சந்தேகம் தையல் பக்கம்தான்.

இதை தீக்க வழி இருக்கு. கம்பெனிக்கு இன்னைக்கே மெயில் போடுங்க, போன்ல பேசாதீங்க. ஆர்டர் நம்பர், அளவு, போட்டோ, என்ன வேணும் (மறுபடி தச்சு தரணுமா, பணமா), 15 நாள் டைம். கூடவே "தோய்க்காத ரெண்டுல ஒண்ணை உங்க லேபிள்படியே தோச்சு வீடியோ எடுக்கப் போறேன், ஆட்சேபம் இருந்தா சொல்லுங்க"ன்னு ஒரு வரி. அப்புறம் நிஜமாவே அப்படி செய்யுங்க, டிரையர் வேண்டாம்னா நிழல்ல காய வெச்சு மறுபடி அளங்க. அதுவும் சுருங்கினா அவங்க வாதம் முடிஞ்சுது. இன்னொண்ணு கடைசி வரை தோய்க்காமலே இருக்கட்டும். இதுக்கு நடுவுல பக்கத்து டைலர்கிட்ட குடுத்து பிரிச்சுடாதீங்க, பிரிச்ச சட்டை சாட்சி சொல்லாது.

எந்த நாட்டுல இருக்கீங்கன்னு எழுதல. இந்தியான்னா 2019 நுகர்வோர் பாதுகாப்பு சட்டத்துல பொருள் குறைபாடு, சேவை குறைபாடு ரெண்டுமே கேக்கலாம், நீங்க குடியிருக்கிற மாவட்ட ஆணையத்துலயே மனு போடலாம், பிரச்னை வந்த நாள்ல இருந்து 2 வருஷம் டைம், வக்கீல் கட்டாயம் இல்ல, முதல்ல 1915க்கு போன் போட்டு புகார் பதிஞ்சு பாக்கலாம். இங்கிலாந்துன்னா 2015 நுகர்வோர் உரிமை சட்டப்படி முதல் 30 நாள்ல குறையுள்ள பொருளை திருப்பி குடுத்து முழுப் பணம் கேக்கலாம், அதுக்கப்புறம்னா ஒரு தடவை சரி பண்ண சான்ஸ் குடுக்கணும், டெலிவரி ஆன 30 நாள் தாண்டிடப் போகுது, தேதி பாருங்க. சிங்கப்பூர்ல 6 மாசத்துக்குள்ள தெரிஞ்ச குறை முதல்லயே இருந்ததுன்னுதான் பொதுவா எடுத்துக்குவாங்க, இல்லன்னு காட்டுறது விக்கிறவர் பாடு. கம்பெனி ஒரு நாடு நீங்க ஒரு நாடுன்னா கேஸுக்கு அலையுறதை விட கார்டு பேங்க்ல சார்ஜ்பேக் (கார்டுல கட்டின பணத்தை பேங்க் மூலமா திரும்ப கேக்குறது) கேளுங்க, அதுக்கும் கெடு இருக்கு, தள்ளிப் போடாதீங்க.

கூப்பன்? தைக்கத் தெரியாதவங்ககிட்டயே மறுபடி காசு குடுத்து தைக்கிறதுக்கு எதுக்கு கூப்பன், வேண்டாம்னுதான் சொல்வேன். அந்த 6 சட்டையையும் காசு வாங்காம தச்சு தரோம்னா ஒத்துக்கலாம், ஆனா "இதோட என் புகார் முடிஞ்சதுன்னு அர்த்தம் இல்ல"ன்னு மெயில்ல எழுதிட்டு, முதல்ல ஒரே ஒரு சட்டை மட்டும் தச்சு அனுப்பச் சொல்லுங்க, தோச்சு பாத்து சரின்னா மீதி அஞ்சுக்கு ஓகே சொல்லுங்க.