சம்பளக் கணக்கில் தேடுங்கள்

அன்புள்ள ஐயா,
எங்கள் திருச்சபை மலரில் பெண் ஊழியர்களுக்கு இரண்டு பக்கம் ஒதுக்கியிருக்கிறோம். மிஷனரிகள் ஏமி கார்மைக்கேல், ஐடா ஸ்கடர் படங்கள் கைவசம் உள்ளன. எங்கள் பகுதிப் பெண்களைப் பற்றி ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை. படங்களை அட்டையில் போடலாமா, உள்ளே போடலாமா?
ஒரு வாசகர், பர்கூர்

அன்புள்ள தம்பி,

எங்கே வேண்டுமானாலும் போடுங்கள். ‘ஆதாரம் கிடைக்கவில்லை’ என்கிறீர்களே, எந்தப் பதிவேட்டைத் திறந்து பார்த்தீர்கள்? 1895ல் கிருஷ்ணகிரியில் லூத்தரன் மிஷன் தொடங்கிய மிஷனரிகள் நேதரையும் மோனையும் சபையில் எல்லாருக்கும் தெரியும். 1913ல் வந்த நர்ஸ் லூலு எல்லர்மன் உங்கள் பர்கூரில்தான் மருந்து கொடுத்தார். ஆம்பூர் பெதஸ்தா ஆஸ்பத்திரிக்கு முந்தைய கதை அது. அவரையே விட்டுவிட்டு ஐடாவின் வேலூருக்கும் ஏமியின் தோனாவூருக்கும் போகிறீர்கள்.

அவரைவிட எனக்கு முக்கியம் உள்ளூர் வேதப்பெண்கள், அதாவது மிஷன் சம்பளத்தில் வீடுவீடாகப் போய் வேதம் சொன்ன பெண்கள். வேதம் சொல்லப் போகும் ஆண் ஊழியரான உபதேசியார் திண்ணையோடு நின்றுவிடுவார். அடுப்படிவரை போய் எழுத்தும் பாட்டும் சொல்லிக்கொடுத்தவர்கள் இவர்கள். பலர் விதவைகள். ஆண்டறிக்கையில் ‘வேதப்பெண்கள் இருவர்’ என்று எண்ணிக்கையாக வருவார்கள். மிஷனரியின் மனைவிக்கே கணவர் பெயர்தான், இவர்களுக்கு யார் பெயர் எழுதினார்கள்?

சம்பளம் கொடுத்தவர் எழுதினார். அதனால் முதலில் பழைய கணக்கு நோட்டின் செலவுப் பக்கத்தைப் பாருங்கள். மாதம் மாதம் ஒரே தொகை, ஒரே பெயர் வந்தால் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து ஞானஸ்நானப் பதிவேடு. எல்லாரும் ஞானஸ்நானம் பெற்றவர் பெயரையும் கொடுத்த போதகர் பெயரையும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். ஞானப்பெற்றோர், சாட்சிகள் பத்தியை மேலிருந்து கீழாகப் படியுங்கள். உறவே இல்லாத பல குடும்பங்களுக்கு ஒரே பெண் ஞானத்தாயாக நின்றிருந்தால், அந்த வீடுகளுக்குப் போய் வந்தவர் அவராக இருக்கலாம். கணக்கு நோட்டிலும் அந்தப் பெயர் இருந்தால் ஆளைக் கண்டுபிடித்துவிட்டீர்கள்.

தவறு நடப்பது பெயரில்தான். ஒரே பெண் ஞானஸ்நானத்துக்கு முன் ஒரு பெயர், பின் ஒரு பெயர், கல்யாணப் பதிவேட்டில் ‘இன்னாருடைய மனைவி’ என்று மூன்றாக இருப்பார். இன்னொரு பக்கம், ஒரு சபையிலேயே நான்கு ஞானம்மாள் இருப்பார்கள். ஆகவே ஆளுக்கொரு சீட்டு போட்டு, பெயரோடு ஊர், தகப்பன் பெயர், தேதி மூன்றையும் எழுதுங்கள். இந்த மூன்றில் குறைந்தது இரண்டு பொருந்தாமல் சீட்டுகளைச் சேர்க்காதீர்கள். வயதை நம்பவே வேண்டாம். அடக்கப் பதிவேட்டில் 40, 50, 60 என்று உத்தேசமாகத்தான் எழுதியிருப்பார்கள்.

ஏட்டை ஜன்னல் வெளிச்சத்தில், பத்தித் தலைப்பும் தெரிகிற மாதிரி முழுப் பக்கமாகப் படமெடுங்கள். எச்சில் தொட்டுப் புரட்டாதீர்கள். கிழிந்த இடத்தில் செல்லோடேப் ஒட்டினால் சில வருஷத்தில் பசை மஞ்சளாகி எழுத்தையும் கெடுத்துவிடும். ஆரம்பகால அறிக்கைகளில் ஜெர்மன் வந்தால் மிரளாதீர்கள், பெயரை மட்டும் பொறுக்கினால் போதும்.

கிடைக்கிற பெயர்களை எடுத்துக்கொண்டு சபையில் எண்பது தாண்டிய பாட்டிகளிடம் போங்கள். ‘பாட்டி, உங்க அம்மாவுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தது யாரு?’ என்று கேளுங்கள். மலர் ஒரு மாதம் தள்ளிப்போனாலும் பரவாயில்லை.