அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஓர் உறை – கடிதம்

அன்புள்ள அக்காவுக்கு,

வட கரோலினாவில், ஃபோர்ட் பிராக் ராணுவத் தளத்தை ஒட்டிய ஃபேயட்வில்லில் இருக்கிறேன். போன வாரம் அடுத்த வீட்டுப் பெண் ஒரு பிளாஸ்டிக் உறையைக் கொடுத்து, பத்திரமாக வைத்திருக்கச் சொன்னாள். பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், ஒரு கார் சாவி, கொஞ்சம் பணம். அவள் கழுத்தில் இரண்டு பக்கமும் கன்றியிருந்தது. கணவர் இரண்டு முறை போருக்குப் போய் வந்தவர். "அங்கே பார்த்ததெல்லாம் அவரை இப்படி ஆக்கிவிட்டது" என்கிறாள். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. புகார் கொடு என்றால், அவர் வேலை போய்விடும் என்று அழுகிறாள். உறையை அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். நான் செய்தது சரியா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் செய்தது சரிதான். உறை அங்கேயே இருக்கட்டும். தெருவில் யாரிடமும் மூச்சு விடாதீர்கள்.

அந்த உறையையும் கழுத்துக் கன்றலையும் ஒரே கடிதத்தில் படித்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. உறை என்றால் அவள் கிளம்ப நினைக்கிறாள். கன்றல் என்றால் அவன் ஒரு முறை கழுத்தை நெரித்துப் பார்த்துவிட்டான். ஜாக்குலின் காம்ப்பெல் என்று ஒரு செவிலியர்-ஆய்வாளர் இருக்கிறார். அடிபடும் பெண்ணின் உயிருக்கு எவ்வளவு ஆபத்து என்று கணிக்க ஒரு கேள்வித்தாளை உருவாக்கியவர். அவர் கேட்கிற கேள்விகளில் கழுத்தை நெரித்தானா, வீட்டில் துப்பாக்கி உண்டா, அவனைப் பிரிந்து போனாயா என்ற மூன்றும் இருக்கின்றன. பெண் கிளம்புகிற நாட்கள்தான் மிக ஆபத்தானவை.

அப்புறம், போர். உங்கள் ஊரில் பழைய ஆட்களுக்கு 2002 நினைவிருக்கும். ஜூன், ஜூலையில் ஆறு வாரத்துக்குள் ஃபோர்ட் பிராக்கைச் சேர்ந்த நான்கு வீரர்கள் மனைவியரைக் கொன்றார்கள். இருவர் அப்போதே தங்களையும் சுட்டுக்கொண்டார்கள். ஊரே ஆப்கானிஸ்தானைக் காரணம் காட்டியது. மலேரியாவுக்காகக் கொடுத்த லாரியம் மாத்திரையைக் காரணம் காட்டியவர்களும் உண்டு. ராணுவமே ஒரு குழுவை அனுப்பி விசாரித்தது. மாத்திரை காரணமாக இருக்க வாய்ப்பில்லை, மணவாழ்க்கைச் சிக்கல்தான் பெரிய காரணம், உதவி கேட்டால் பதவி போய்விடும் என்று வீரர்கள் பயப்படுகிறார்கள் என்றது குழு. அந்த நால்வரில் மூவர்தான் ஆப்கானிஸ்தான் போய்த் திரும்பியவர்கள். ஒருவர் போகவே இல்லை.

இன்னொன்றும் யோசியுங்கள். ராணுவக் குடும்பங்களில் நடக்கும் வன்முறையை ஆராய ஒரு பணிக்குழு வேண்டும் என்று அமெரிக்கக் காங்கிரஸ் சட்டம் போட்டது 1999இல். ஆப்கானிஸ்தான் போர் தொடங்க அப்போது இன்னும் இரண்டு வருடம் இருந்தது.

போர் மனத்தை உடைக்காது என்று நான் சொல்லவில்லை. நடுராத்திரி அலறிக்கொண்டு எழுகிறவருக்கு மருத்துவம் வேண்டும், இரக்கமும் வேண்டும். ஆனால் அந்த மனிதர் தன் கமாண்டரின் கழுத்தைப் பிடிப்பதில்லை. யார் கழுத்தைப் பிடிக்கலாம் என்பது அவருக்குத் தெரிகிறது. அவள் "பாவம்" என்று சொல்லிவிட்டுப் போகட்டும், அவள் அவனோடு வாழ்ந்தவள். நீங்களும் நானும் அதையே திருப்பிச் சொன்னால், அவள் அந்த வீட்டில் இருப்பதற்கு இன்னொரு காரணத்தை நாமே எடுத்துக் கொடுக்கிறோம்.

வேலை போய்விடும் என்று அவள் அழுவதைத்தான் நான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன். அவன் வேலையோடு வீடு, மருத்துவம், பள்ளி எல்லாம் கட்டிப்போடப்பட்டிருக்கின்றன. இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு முறை ஊர் மாறுவதால் அவளுக்கென்று நிலையான வேலை கிடைப்பதும் கஷ்டம், பக்கத்தில் தாய்வீடும் இல்லை. புகார் போய்ச் சேர்ந்ததோ பல காலம் அவனுடைய கமாண்டரிடம். தன் ஆளை நல்ல வீரனாக மட்டுமே பார்த்துப் பழகியவரிடம் போய் அவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். ராணுவச் சட்டத்தில் குடும்ப வன்முறை தனிக் குற்றமானதே 2019இல்தான். வழக்குப் போடுவதா வேண்டாமா என்ற முடிவு கமாண்டர் கையிலிருந்து தனி வழக்கறிஞர்களுக்குப் போனது 2023 டிசம்பர் கடைசியில்.

தண்டனை கொடுத்தும் கோட்டை விட்டிருக்கிறார்கள். மனைவியையும் அவள் குழந்தையையும் அடித்ததற்காக 2012இல் ஒரு விமானப்படை வீரனுக்கு ராணுவ நீதிமன்றம் தண்டனை கொடுத்தது. அப்படிப்பட்டவன் துப்பாக்கி வாங்கவே கூடாது. துப்பாக்கி வாங்குகிறவர்களின் பின்னணியைச் சரிபார்க்கும் எஃப்பிஐக்கு விமானப்படை அந்தத் தகவலை அனுப்பவில்லை. கடையில் சாதாரணமாக வாங்கினான். 2017 நவம்பர் 5, டெக்சாஸில் சதர்லேண்ட் ஸ்பிரிங்ஸ் தேவாலயத்தில் சுட்டவன் அவன்தான். வயிற்றில் இருந்த சிசுவோடு சேர்த்து 26 உயிர்கள்.

சரி, நீங்கள் அவளிடம் என்ன சொல்லலாம்?

கமாண்டருக்குத் தெரியாமல் ரகசியமாகப் பதிவு செய்யும் வழி ராணுவத்திலேயே இருக்கிறது. குடும்ப நலப் பிரிவில் பாதிக்கப்பட்டோருக்கு உதவ என்றே ஆட்கள் இருக்கிறார்கள். உயிருக்கு உடனடி ஆபத்து என்று அவர்கள் நினைத்தால் ரகசியம் காக்க மாட்டார்கள். எதுவரை ரகசியம் என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளட்டும். வன்முறைக்காக அவனை வேலையை விட்டு நீக்கினால், அவளுக்கும் பிள்ளைகளுக்கும் 36 மாதம் வரை உதவித்தொகை உண்டு. பல மனைவியருக்கு இது தெரியவே தெரியாது. அவள் அழுவது இதற்காகத்தான் என்பதால் இதை முதலில் சொல்லுங்கள்.

அவளை நெருங்கக் கூடாது என்று கமாண்டர் போடுகிற பாதுகாப்பு உத்தரவைத் தளத்துக்கு வெளியே உள்ளூர்ப் போலீஸ் அமல்படுத்த முடியாது. சிவில் நீதிமன்ற உத்தரவு தளத்துக்குள்ளும் செல்லும். அதனால் அதையும் வாங்க வேண்டும்.

எப்போது கிளம்புவது என்பதை அவள்தான் முடிவு செய்ய வேண்டும். அவசரப்படுத்தாதீர்கள். அவனிடம் போய் நியாயம் கேட்காதீர்கள், உங்கள் கணவரையும் கேட்க விடாதீர்கள். கழுத்தை ஒரு டாக்டர் பார்த்தாக வேண்டும். வெளியே கன்றல் ஆறிவிட்டாலும் உள்ளே ரத்தக்குழாய் அடிபட்டிருக்கலாம். சத்தம் கேட்டால் யோசிக்காமல் அவசர எண் 911ஐக் கூப்பிடுங்கள்.

அடுத்த முறை அவள் வரும்போது தேசியக் குடும்ப வன்முறை உதவி எண்ணை, 1-800-799-7233, உங்கள் போனிலிருந்து போட்டுக் கொடுங்கள். அவள் போனை அவன் பார்க்கக்கூடும். அவள் பேசி முடிக்கும்வரை பிள்ளைகளுக்குச் சாப்பிட ஏதாவது கொடுத்து உங்கள் சமையலறையில் வைத்துக்கொள்ளுங்கள்.