வீட்டு விலையை விடுங்க, வாங்கின வருஷத்தைக் கேளுங்க: கேள்வி பதில்

கோலாலம்பூரில் ஒரு வங்கியின் வீட்டுக் கடன் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைத்தான் சுற்றி வருகின்றன: ஒருவர் குடியிருக்கும் வீட்டை வைத்து அவர் கையில் எவ்வளவு இருக்கும் என்று சொல்ல முடியுமா? தவணைக் கணக்கு எல்லாவற்றிலும் வட்டி 4 விழுக்காடு, தவணைக் காலம் 35 வருஷம் என்று வைத்திருக்கிறேன். உங்கள் வங்கியில் கொஞ்சம் கூடக் குறைய இருக்கும்.

கேள்வி: அக்கா, மகளுக்கு ஒரு வரன் வந்திருக்கு. பையன் வீடு பூச்சோங்ல செமி-டி (ஒரு பக்கச் சுவர் ஒட்டின இரட்டை வீடு). போர்ச்சுல மார்பிள், ஆட்டோ கேட், ரெண்டு காடி (கார்). வீடே பத்து லட்சம் போகும்னு தரகர் சொல்றார். வசதியான இடம்தானே? (செந்தூல்)

பத்து லட்சம் வெள்ளி (ரிங்கிட்) என்றே வைத்துக்கொள்வோம். அதில் அவர்களுக்குச் சொந்தம் எவ்வளவு என்பது தரகருக்குத் தெரியாது.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் இதே விலைக்கு வாங்கியிருந்தால், வங்கி 90 விழுக்காடு கொடுத்திருக்கும். 9 லட்சம் கடன். மாதத் தவணை 3,985 வெள்ளி. ஐந்து வருஷத்தில் ஏறத்தாழ 2 லட்சத்து 39 ஆயிரம் கட்டியிருப்பார்கள். அசலில் கழிந்தது எவ்வளவு தெரியுமா? 65 ஆயிரம்தான். மீதி எல்லாம் வட்டிக்குப் போனது. இன்னும் 8 லட்சத்து 34 ஆயிரத்துக்கு மேல் நிற்கிறது. அதே வரிசையில் பக்கத்து வீட்டுக்காரர் 1990களில் வாங்கியவராக இருந்தால் கடனே முடிந்திருக்கலாம். வெளியே இருந்து பார்த்தால் இரண்டும் ஒரே வீடு, ஒரே விலை.

அதனால் பெண் பார்க்க வரும்போது விலையைப் பற்றி வாயே திறக்காதீர்கள். "வீடு நல்லா இருக்கே, எந்த வருஷம் வாங்கினீங்க?" என்று மட்டும் கேளுங்கள். இதற்கு யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். பெருமையாகவே சொல்வார்கள். கூடவே "அப்பவே இப்படித்தான் இருந்துச்சா, பிறகு இழுத்துக் கட்டினீங்களா?" என்று ஒரு வார்த்தை. மார்பிளும் ஆட்டோ கேட்டும் பல வீடுகளில் பெர்சனல் லோனில் வந்தவை. அதற்கு வட்டி வீட்டுக் கடனைவிட அதிகம், தவணைக் காலமும் 10 வருஷத்துக்கு மேல் போகாது. மாதா மாதம் அதுதான் கழுத்தைப் பிடிக்கும்.

இன்னொன்று, இதைத்தான் நம் ஆட்கள் கவனிப்பதே இல்லை. பையனின் அப்பாவுக்கு 55, 58 வயது, வீடு வாங்கியது அண்மையில் என்றால், அந்த வயதில் தனியாளாக நீண்ட காலக் கடன் கிடைக்காது. பெரும்பாலும் பையனின் பெயரையும் சேர்த்திருப்பார்கள். அப்படியானால் அப்பா வீட்டுக் கடன் பையனின் கணக்கிலும் ஏறும். நாளைக்கு உங்கள் மகளும் மருமகனும் தனியாக வீடு வாங்கப் போனால், வங்கி அந்தப் புதுக் கடனை அவருடைய இரண்டாவது வீட்டுக் கடனாக எண்ணும். மூன்றாவதுக்குப் போனால் 70 விழுக்காடுதான் கொடுப்பார்கள். 2010 நவம்பரில் மத்திய வங்கியான பேங்க் நெகாரா போட்ட விதி அது.

காகிதத்தில் உறுதி செய்துகொள்ள வேண்டும் என்றால், கிராண்ட் (நில உரிமைப் பத்திரம்) எண் தெரிந்த யாரும் நில அலுவலகத்தில் கட்டணம் கட்டித் தேடல் போடலாம். ஒரு தாள் வரும். உரிமையாளர் யார், எந்த வங்கிக்கு அடமானம், கேவியட் (கைமாற்றத் தடை) விழுந்திருக்கிறதா என்பதெல்லாம் அதில் இருக்கும். கடன் பாக்கி எவ்வளவு என்பது மட்டும் இருக்காது. அடமானம் என்று பார்த்ததும் பதறவும் வேண்டாம். கடனைக் கட்டி முடித்துவிட்டு, வக்கீல் செலவுக்குப் பயந்து அடமானத்தை நீக்காமலே விட்டவர்கள் ஏராளம். வரன் விஷயத்தில் இவ்வளவு தூரம் போகலாமா என்பது உங்கள் மனசாட்சி. நானாக இருந்தால் போக மாட்டேன், நேரே கேட்டுவிடுவேன்.

கேள்வி: எனக்கு வயசு 36. பிரிக்பீல்ட்ஸ்ல வாடகை வீடு, மாசம் 1,500. தம்பி எட்டு லட்சத்துக்கு கொண்டோ வாங்கிட்டான். தீபாவளிக்குப் போனா சித்தப்பா, "தம்பி செட்டில் ஆயிட்டான், நீ இன்னும் வாடகையிலயே இருக்கே"ன்னு எல்லார் முன்னாடியும் சொல்றார். (பிரிக்பீல்ட்ஸ்)

சித்தப்பாவுக்கு இந்தக் கணக்கைக் காட்டுங்கள். 7 லட்சத்து 20 ஆயிரம் கடனுக்குத் தவணை 3,190 வெள்ளி அளவில். 1,200 சதுர அடி வீட்டுக்கு அடிக்கு 40 சென் பராமரிப்பு என்றால் 480. அதில் பத்து விழுக்காடு சிங்கிங் ஃபண்ட் (பெரிய பழுதுகளுக்கான நிதி), 48. ஆக மாதம் 3,700க்கு மேல். அதற்கு வெளியே வீட்டு வரி, காப்புறுதி. நீங்கள் கட்டுவது 1,500. மாதா மாதம் 2,200 வித்தியாசம் வருகிறது.

அந்த 2,200 எங்கே போகிறது என்பதுதான் உங்களிடம் நான் கேட்க வேண்டியது. ஏ.எஸ்.எம்மிலோ (அமானா சஹாம் மலேசியா என்ற முதலீட்டு நிதி), ஊழியர் சேமநிதியில் நீங்களாகக் கூடுதலாகவோ போடுகிறீர்கள் என்றால் தலை நிமிர்ந்து நடங்கள். சேமநிதி 2024-க்கு 6.30 விழுக்காடு லாப ஈவு கொடுத்தது. காடிக்கும் கைப்பேசிக்கும் போகிறது என்றால், மன்னிக்கணும், சித்தப்பா பேசுவதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. தம்பியை வீட்டுக் கடன் கட்டாயப்படுத்திச் சேமிக்க வைக்கிறது. உங்களைக் கட்டாயப்படுத்த யாரும் இல்லை.

கேள்வி: பேங்க்ல வேலை செஞ்சவங்களாச்சே, பேங்க் மட்டும் வீட்டைப் பார்த்து ஆளை எடை போடலையா? (பாயான் லெப்பாஸ்)

இல்லை. ஆளுக்கு ஒரு பக்கம், வீட்டுக்கு ஒரு பக்கம். ஆளை எடை போடுவது சம்பளச் சீட்டு, சேமநிதி அறிக்கை, சி.சி.ஆர்.ஐ.எஸ். (பேங்க் நெகாராவின் கடன் பதிவேடு) ஆகிய மூன்றை வைத்து. சேமநிதி அறிக்கை பொய் சொல்லாது. ஊழியர் பக்கம் 11 விழுக்காடு என்றால் உண்மைச் சம்பளம் என்ன என்று அதிலேயே தெரிந்துவிடும். சி.சி.ஆர்.ஐ.எஸ். அறிக்கையில் கடந்த 12 மாதமும் கட்டம் கட்டமாக இருக்கும், ஒழுங்காகக் கட்டிய மாதத்தில் பூஜ்யம், பிந்தியிருந்தால் எத்தனை மாதப் பாக்கி என்ற எண். பங்களாக்காரர் அறிக்கையில் 2, 3 என்று வரிசையாக நிற்பதையும், பிளாட்டில் குடியிருக்கும் ஆசிரியை ஒருவரின் அறிக்கையில் பூஜ்யம் தவிர வேறு எதுவுமே இல்லாததையும் பார்த்திருக்கிறேன். வீட்டின் மதிப்பு பிறகுதான் வரும், அதுவும் ஆள் கட்டாமல் போனால் லெலோங்கில் (ஏலத்தில்) என்ன கிடைக்கும் என்ற நோக்கில்.

கேள்வி: பி.பி.ஆர். (அரசாங்க மலிவு வாடகை) பிளாட்ல இருக்கிறவன் மெர்சிடிஸ் வச்சிருக்கான். இது எப்படி அக்கா? (கம்போங் பாண்டான்)

காடிக்கு 9 வருஷம் வரை தவணை கிடைக்கும். பி.பி.ஆர். வாடகை 124 வெள்ளி. எப்படி என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். ஆனால் அதே பிளாட்டில் அந்த 124 வெள்ளியின் அருமை தெரிந்து பிள்ளைகளைப் பட்டதாரி ஆக்கிய குடும்பங்களும் இருக்கின்றன. அவர்கள் வீட்டுக்குக் கீழே பெரும்பாலும் மோட்டார் சைக்கிள்தான் நிற்கும்.

கேள்வி: அம்மா பங்சார்ல தனியா இருக்காங்க. அப்பா லெட்ரிக் போர்டுல வேலை செஞ்சப்ப 70கள்ல வாங்கின லிங்க் வீடு (வரிசை வீடு). இப்ப பக்கத்து வீடெல்லாம் பத்து லட்சத்துக்கு மேல. கோயில் கமிட்டி, சொந்தக்காரங்க எல்லாரும் "உங்களுக்கென்ன, பங்சார் வீடு"ன்னு கேட்டு வர்றாங்க. அம்மா கையில இருக்கிறது அப்பாவோட பென்ஷன்ல வர்றது மட்டும்தான். அண்ணன் வேற வீட்டைத் தன் பேருக்கு மாத்திக் கொடுக்கச் சொல்றார். (பெட்டாலிங் ஜெயா)

இந்த மாதிரி எத்தனை அம்மாக்கள்! வாங்கியபோது ஐந்திலக்க விலை, இன்றைக்கு ஏழு இலக்கம். அப்பா கெட்டிக்காரராகவே இருந்திருக்கலாம், ஆனாலும் இந்த ஏற்றத்தைக் கொண்டுவந்தது அவர் சம்பளம் இல்லை, பங்சார் மாறிய விதம். பக்கத்து வீடு விலை ஏறினால் அம்மாவின் மீன் சட்டியில் ஒரு துண்டு கூட விழாது. மாறாக வீட்டு வரி வாடகை மதிப்பை வைத்துப் போடப்படுவதால் செலவு ஏறத்தான் செய்யும். கூரை ஒழுகினால் அதற்கும் இதே பென்ஷன்தான்.

கோயில்காரர்களிடம் அம்மா மாதம் இவ்வளவுதான் என்று ஒரு தொகையைச் சொல்லி நிறுத்திக்கொள்ளட்டும். கடன் கேட்டு வருபவர்களை உங்கள் பக்கம் திருப்பி விடச் சொல்லுங்கள்.

அண்ணன் விஷயம் கொஞ்சம் கவனம். 2023 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து பெற்றோர் பிள்ளைக்கு எழுதிக் கொடுக்கும் வீட்டில் முதல் 10 லட்சம் வரை முத்திரை வரி விலக்கு. அதனால்தான் நிறைய வீடுகளில் இந்த அவசரம். விலக்கு நல்லதுதான். ஆனால் மாற்றிக் கொடுத்த மறுநாளிலிருந்து அம்மா அந்த வீட்டில் விருந்தாளி. அண்ணன் தங்கமானவராகவே இருக்கட்டும், அண்ணனுக்கு வியாபாரக் கடன் வந்தால் வங்கி அம்மாவைப் பார்க்காது. உயிரோடு இருக்கும்வரை வீடு அம்மா பெயரில் இருக்கட்டும், உயிலை மட்டும் இப்போதே எழுதச் சொல்லுங்கள்.

கைச்செலவுக்கு முதல் வழி, மேல் அறை ஒன்றை வாடகைக்கு விடுவது. இரண்டாவது, 2021 டிசம்பரில் காகாமாஸ் என்ற வீட்டுக் கடன் நிதி நிறுவனம் தொடங்கிய சாராஆன் பெர்சாகார் திட்டம். 55 வயதுக்கு மேற்பட்டவர் வீட்டை அடமானமாக வைத்து, அதிலேயே குடியிருந்துகொண்டு, வாழ்நாள் முழுக்க மாதம் ஒரு தொகை வாங்கலாம். அவர் காலத்துக்குப் பிறகு வீட்டை வைத்துக் கடன் தீர்க்கப்படும். பிள்ளைகள் எல்லாரையும் உட்கார வைத்துப் பேசிவிட்டு இதற்குப் போங்கள். பிறகு தெரிந்தால் சண்டை நிச்சயம்.

கேள்வி: உங்க வீடு எங்கே அக்கா, என்ன விலை?

செத்தாப்பாக்கில். விலை பார்த்ததில்லை, விற்கிற எண்ணம் இல்லை.

கேள்வி: ஆயர் ஈத்தாம்ல தாத்தா வீடு இருக்கு. 9 லட்சம் போகும். தாத்தா உயில் எழுதாமலே போயிட்டார், பாட்டி இருக்காங்க. அப்பாவோட சேர்த்து ஆறு பிள்ளைங்க. பெண் வீட்டுல "சொந்த வீடு இருக்கா"ன்னு கேட்டாங்க, இருக்குன்னு சொல்லிட்டேன். தப்பா? (பினாங்கு)

கணக்கைப் பாருங்கள். உயில் இல்லாவிட்டால் முஸ்லிம் அல்லாதவர்களுக்கு 1958 பகிர்வுச் சட்டம். தாத்தாவின் பெற்றோர் அவருக்கு முன்பே இறந்திருந்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி இரண்டு பங்கு பிள்ளைகளுக்குச் சமமாக. பாட்டிக்கு 3 லட்சம், ஆறு பிள்ளைகளுக்குத் தலைக்கு 1 லட்சம். அதுவும் உங்கள் அப்பாவுக்கு, உங்களுக்கு அல்ல. கிராண்டில் இன்னும் தாத்தா பெயர்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். நில அலுவலகத்தில் வாரிசு விண்ணப்பம் போட்டு விசாரணைக்கு எல்லாரும் வர வேண்டும், ஒரு அத்தை முறுக்கிக்கொண்டாலும் கோப்பு அங்கேயே கிடக்கும். பெண் வீட்டுக்குப் போன் போட்டு "தாத்தா வீட்டில் கூட்டாக இருக்கிறோம்" என்று திருத்திச் சொல்லிவிடுங்கள். அவர்களே தேடல் போட்டுத் தெரிந்துகொள்வதைவிட அது மேல்.

கேள்வி: நாங்க லெபோ குயின்ல கடைவீட்டு மாடியில அப்பா காலத்துல இருந்து இருந்தோம். இப்ப அந்த வரிசையில ஓட்டல் வந்திருச்சு. "டவுன் நடுவுல வீடு வச்சிருந்தீங்களே, வித்த காசு எங்கே?"ன்னு இன்னும் கேட்கிறாங்க. (பட்டர்வொர்த்)

1966 வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் மலிவு வாடகைக்கு இருந்தவர்கள் நீங்கள். அந்தப் பாதுகாப்பு 1999 கடைசியோடு முடிந்தது. வாடகை ஏறியது, ஜார்ஜ்டவுன் குடும்பங்கள் பல ஊருக்கு வெளியே பிளாட்டுகளுக்குப் போயின. 2008-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பிறகு ஏறிய விலையில் குடியிருந்தவருக்கு ஒரு சென் கூடச் சேராது. கேட்பவர்களிடம் "நாங்க வாடகைக்கு இருந்தோம்" என்று சொல்லிவிடுங்கள். அதில் கூச்சப்பட என்ன இருக்கிறது?

கேள்வி: 5 லட்சத்துக்கு வாங்கின என் வீட்டை இணையத்துல 7 லட்சம்னு காட்டுது. வாங்கி மூணாவது வருஷம். ரெண்டு லட்சம் சம்பாதிச்சிட்டேனா? (கெப்போங்)

இணையத்தில் இருப்பது கேட்கும் விலை. கைமாறிய விலை வேறு. அப்படியே 7 லட்சத்துக்கு ஆள் கிடைத்தாலும், மூன்று வருஷத்துக்குள் விற்றால் லாபத்தில் 30 விழுக்காடு ஆர்.பி.ஜி.டி. (சொத்து விற்ற லாபத்துக்கான வரி). ஆறாவது வருஷம் முதல் மலேசியருக்கு அது இல்லை. ஏஜெண்டுக்கு 3 விழுக்காடு வரை, வக்கீல் தனி. பிறகு குடியிருக்க நீங்களும் அதே ஏறிய விலைக்குத்தான் வாங்க வேண்டும்.

கேள்வி: எங்க கொண்டோல ஒருத்தர் கூட்டுக்கு (சீட்டுக்கு) தலைமை தாங்குறார். மாசம் 500, இருபது பேர். "பென்ட்ஹவுஸ் வச்சிருக்கார், எங்கே ஓடப் போறார்"னு எல்லாரும் சேர்றாங்க. நானும் சேரலாமா? (ஜாலான் ஈப்போ)

வேண்டாம். முதலாவது, கூட்டு நடத்துவதே 1971 சட்டப்படி குற்றம். அவர் ஓடினால் போலீசுக்குப் போய் என்ன சொல்வீர்கள்? இரண்டாவது, பென்ட்ஹவுஸ் அவருடையதா, வாடகையா, மனைவி பெயரிலா? அவர் பெயரிலேயே இருந்தாலும் முதல் உரிமை வங்கிக்கு. லெலோங் போனால் உங்கள் இருபது பேருக்கு மிச்சம் வராது.

கீழே லிப்ட் பக்கத்தில் நிர்வாகம் ஒட்டியிருக்கும் அறிவிப்புப் பலகையைப் போய்ப் பாருங்கள். பராமரிப்புக் கட்டணம் பாக்கி வைத்தவர்களின் யூனிட் எண்கள் பட்டியலாக இருக்கும். பெரும்பாலும் பெரிய யூனிட்டுகள்தான் மேலே நிற்கும், சதுர அடிக்கு ஏற்பக் கட்டணமும் அதிகம் அல்லவா? அவர் எண் அதில் இருந்தால், அவரே நுழைவு அட்டை வேலை செய்யாமல் காவலாளியிடம் சொல்லிக் கதவைத் திறக்க வைத்துக்கொண்டிருப்பார். இல்லாவிட்டாலும் என் பதில் வேண்டாம் என்பதுதான்.